பொம்மைக்கு எதற்குச் சூடு

என் தங்கையின் கழுத்தை அளந்தவள் நான். மற்ற அக்காமார்கள் தங்கைக்குத் தலை வாரிப் பின்னியிருப்பார்கள், பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுத்திருப்பார்கள். நான் அவள் கழுத்து எவ்வளவு அடி தாங்கும் என்று பார்த்துச் சொன்னேன். அதுதான் என் உத்தியோகம்.

மனிதர்களை ஏற்றிக்கொண்டு விண்வெளிக்குப் போக ஒரு கலமும், அதைத் தூக்கிக்கொண்டு போக மலை மாதிரி ஒரு ராக்கெட்டும் புதிதாகச் செய்தால், எடுத்த எடுப்பிலேயே ஆளை உட்கார வைத்து அனுப்பிவிட முடியாது. முதல் சோதனையில் கலம் காலியாகப் போகும். இரண்டாவதில் பொம்மைகள் போகும். மூன்றாவதில்தான் மனிதர்கள். பொம்மை என்றால் கடையில் விற்கிற பொம்மை இல்லை. அடுத்த முறை அந்த இருக்கையில் யார் உட்காரப் போகிறார்களோ அவர்களுடைய உயரம், அவர்களுடைய எடை, இடுப்பு, முழங்கால் எல்லாம் இருக்கும். எலும்புக்குப் பதில் இரும்பு. கழுத்துக்கு ரப்பர். கழுத்தில் விழுகிற அடியை எழுதி வைத்துக்கொள்ள உள்ளே ஒரு கருவி. கலம் திரும்பி வந்து கடலில் விழுந்ததும் அந்தக் கருவியைப் படித்துச் சொல்ல வேண்டியது நான். அடி வரம்புக்குள் இருந்தால் ஆள் போகலாம். தாண்டினால் போகக் கூடாது. அந்த விஷயத்தில் நான் வைத்ததுதான் சட்டம்.

கலத்தில் இரண்டு இருக்கை. ஒன்று கமாண்டருக்கு. எருமைக் கழுத்துக்காரர். இன்னொன்று என் தங்கைக்கு. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இருக்கிறது, ஆனால் நான் கூப்பிடுவது குண்டூசி. ஆள் அவ்வளவுதான், ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இவர்கள் இருவரில் யாருக்காவது முடியாமல் போனால் ஏறிக்கொள்ள நெட்டையன் என்று ஒருவன் தயாராக இருந்தான்.

விண்வெளி விமானிகள் தேர்வுக்கு நானும் அவளும் ஒரே வருடம்தான் விண்ணப்பம் போட்டோம். சுற்றுகிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாலாவது நிமிடத்தில் நான் டாக்டரின் சட்டை மேலேயே வாந்தி எடுத்தேன். அவள் இருபது நிமிடம் சுற்றிவிட்டு இறங்கி, "அவ்வளவுதானா?" என்று கேட்டாளாம். அந்த "அவ்வளவுதானா" எங்கள் வீட்டில் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா அதைச் சொல்வாள். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "இவளும் அங்கதான் வேலை பார்க்கறா. பொம்மை செக்‌ஷன்" என்பாள். அம்மா பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, அதுவும் உண்மை. கூடப் பிறந்தவர்கள் இருக்கிற யாரைக் கேட்டாலும் தெரியும், இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கும்.

இரண்டாவது சோதனைக்கு மூன்று வாரம் முன்னால் பாட்டரிக்காரர் என் மேஜைக்கு வந்தார். கலத்தின் மின்சாரம் அவர் பொறுப்பு. கையில் ஒரு படிவம்.

"மேடம், திரும்பி வர்றப்போ கேபின் ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டா பாட்டரி மிச்சமாகும். உங்க பொம்மைங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பொம்மைக்கு எதுக்குங்க சூடு? வேணும்னா ஆளுக்கொரு ஸ்வெட்டர் போட்டு அனுப்பறேன்" என்றேன்.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் வாய்க்கு அங்கே நல்ல பெயர். 'சூடு தேவையில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

இதில் என்ன வேடிக்கை என்றால், பொம்மையின் கழுத்து ரப்பருக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்தால் விறகுக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், அடியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். மோதிப் பார்க்கும் முன் இருபத்திரண்டு டிகிரியில் நாலு மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் விதி. சிவப்பு எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருப்பவளே நான்தான். ஆனால் அது ஆய்வுக்கூடத்துக்கு. விண்கலம் என்றால் உள்ளே ஆள் இருப்பார்கள், ஆள் இருந்தால் கதகதப்பாக இருக்கும் என்று மூளைக்குள் பழகிப்போயிருந்தது. ஆள் இல்லாத கலத்தில் ஏது கதகதப்பு? கையெழுத்துப் போட்ட அன்று இது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

ராக்கெட் நன்றாகத்தான் போனது. பத்து கிலோமீட்டர் தள்ளி நின்ற எங்கள் பல்லெல்லாம் ஆடியது. கலம் இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பியது. இறங்கும்போது மூன்று பாராசூட்டில் ஒன்று தாமதமாக விரிந்ததால் கலம் கொஞ்சம் கோபமாகவே கடலில் விழுந்தது. பொம்மைகளைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். படித்தேன். அவரவர் வரம்பை நூறு என்று வைத்துக்கொண்டால் கமாண்டரின் பொம்மைக்கு எழுபது. தங்கையின் பொம்மைக்கு நூற்றெட்டு. சின்ன உடம்புக்கு வரம்பே குறைவு, அதனால் அவளுடையது மட்டும் தாண்டியது.

கூட்டத்தில் நான்தான் சொன்னேன். திட்ட இயக்குநரை எல்லோரும் பெரியவர் என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உறுதியாத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார்.

"என் தங்கச்சிங்க அது. உறுதியில்லாம சொல்வேனா?"

மேஜையின் அந்தப் பக்கம் குண்டூசி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். அவள் இருக்கையில் நெட்டையன் போகட்டும் என்று முடிவானது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. நாற்பத்தைந்துக்கு மேல் யாரையும் ஏற்ற மாட்டார்கள், அடுத்த கலம் தயாராக நாலு வருடமாகும். ஆகவே இந்தத் தடவை இல்லையென்றால் எந்தத் தடவையும் இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு கனத்தது. ஆனால் ஒரு மூலையில், சொல்லவே வாய் கூசுகிறது, லேசாக இனிக்கவும் செய்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். செய்தி முன்னாலேயே போய்விட்டது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா அப்படிப் பிடித்ததில்லை.

"நீதான்டி என் பொண்ணு. அவ உயிரைக் காப்பாத்திக் குடுத்துட்டே. உன்னைப் போய் பொம்மை செக்‌ஷன்னு சொன்னேனே, என் வாயைக் கழுவணும்" என்றாள்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு அம்மா கிடைத்தாள். கூடத்துச் சுவரில் குண்டூசி விண்வெளி உடையில் சிரிக்கிற படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து அன்று சாப்பிட்டேன். இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டேன்.

குண்டூசி விடுவாளா? மறுநாளே பெரியவரிடம் போனாள். கலம் கடலில் விழுந்த வேகமும் குலுக்கலும் பதிவாகியிருக்கிறது, அதே குலுக்கலைத் தரையில் மோதல் வண்டியில் கொடுத்து இன்னொரு தடவை பார்க்கலாமே என்று கேட்டாள். மோதல் வண்டி என்பது எங்கள் கூடத்தில் தண்டவாளத்தில் ஓடுகிற ஒற்றை இருக்கை. வேகமாக ஓடிவந்து சட்டென்று நிற்கும். பெரியவர் சரி என்றார். ஒரே ஒரு தடவை. அதிலும் தாண்டினால் வாயே திறக்கக் கூடாது.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்து விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். சின்ன வயதில் இருந்தே அவளுக்கு நாற்காலி ஆகாது.

"அக்கா, உன் மேல சந்தேகப்பட்டுக் கேட்கல. கோச்சுக்காதே."

"போடி. நான் எதுக்குக் கோச்சுக்கணும்?"

"நூத்தெட்டு வந்தா விலகிக்கறேன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். ஆனா எனக்கென்னமோ வராதுன்னு தோணுது. என் கழுத்து எனக்குத் தெரியாதா?" என்று கழுத்தை இப்படியும் அப்படியும் நொடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கடைசியாக நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான்.

அவள் போன பிறகு வண்டிக்கு வேண்டிய தாள்களை எடுத்து வைத்தேன். கலம் விழுந்த நேரத்துப் பதிவுகளைப் புரட்டும்போது கேபின் வெப்பம் என்று ஒரு வரி. ஆறு டிகிரி. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்வெட்டர், சிரிப்பு, டிக், கையெழுத்து எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் கழுத்தில் ஒரு குறையும் இல்லை. என் கையெழுத்தில்தான் குறை.

இங்கே ஒரு நல்ல பெண் என்ன செய்வாள் என்று எனக்கும் தெரியும். எழுந்து பெரியவர் அறைக்கு நடந்தால் நாற்பது அடி. "தப்பு என்மேலதான்" என்று சொன்னால் போதும். என்னை வேலையிலிருந்து தூக்க மாட்டார்கள், ஆனால் இனி என் வாயைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கதவில் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டிய மகராசியே அதை மறந்தாள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது? "அவ உயிரை நான் ஒண்ணும் காப்பாத்தலம்மா, தப்பா எழுதிட்டேன், அவ போகலாம்" என்றால் அந்த இரண்டு கையும் என் முகத்தை விட்டு விலகிவிடும். பிடித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

வண்டிச் சோதனைக்கு நாலு நாள் இருந்தது. முதல் நாள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் அம்மா எனக்கென்று தனியாகக் காபி போட்டுக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். குண்டூசியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவளுக்குக் காபி வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

சூடான கழுத்தோடு பொம்மையை வண்டியில் ஏற்றினால் தொண்ணூறுதான் வரும், குட்டு உடைந்துவிடும். அன்று சாயங்காலம், பசை டப்பாக்களை வைக்கிற குளிர்பெட்டியைத் திறந்து, டப்பாக்களை ஒரு பக்கம் தள்ளி, பொம்மையின் கழுத்தைக் கழற்றி உள்ளே வைத்தேன். என் தங்கையின் கழுத்து அது. ஒரு துணியில் சுற்றித்தான் வைத்தேன். எதற்குச் சுற்றினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மறுநாள் காலை எல்லோரும் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கழுத்தை எடுத்து மாட்டினேன். ஃபிட்டர் அண்ணன் என்று ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடைசி ஆணியை முடுக்க வந்தார்.

"நாலு மணி நேரம் வெச்சாச்சாம்மா?"

"கதவுல எழுதி ஒட்டினதே நான்தாண்ணே. எனக்கே பாடமா?"

அவர் ஆணியை முடுக்கிவிட்டுப் போனார். நல்ல மனிதர். என் வாய்க்குப் பயந்தவர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர், டாக்டர், கமாண்டர், நெட்டையன், என் தங்கை. அவள் விண்வெளி உடையைத்தான் பொம்மை போட்டிருந்தது. கழுத்து காமிராவில் தெரிய வேண்டும் என்பதற்காகக் காலரை மட்டும் திறந்து விட்டிருந்தோம். நான் பொத்தானை அழுத்தினேன். வண்டி ஓடிவந்தது, நின்றது, பொம்மையின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அரை நொடி வேலை. நூற்றேழு.

பெரிய திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பொம்மையின் கழுத்திலிருந்து துளித்துளியாக ஏதோ தெறித்தது. நெட்டையன்தான் முதலில் பார்த்தான். "பாருங்க, பொம்மைக்கே பயத்துல வேர்த்துடுச்சு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நேரம் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தவர்களுக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

குண்டூசி சிரிக்கவில்லை, ஆனால் அவள் துளிகளைப் பார்க்கவும் இல்லை. அந்த நூற்றேழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, என் மேஜையில் இருந்த என் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள்.

"தேங்க்ஸ் அக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "நான் போயிருந்தா செத்திருப்பேன், இல்ல?"

"விடுடி. உயிரோட இருக்கே பாரு, அது போதும்."

இதைச் சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது சோதனை இரண்டு மாதம் கழித்து நடந்தது. கமாண்டரும் நெட்டையனும் போனார்கள், ஆறு நாள் சுற்றினார்கள், மூன்று பாராசூட்டும் ஒழுங்காக விரிந்து பூ விழுகிற மாதிரி விழுந்தார்கள். தரையிலிருந்து அவர்களிடம் வானொலியில் பேசுகிற வேலையைக் குண்டூசிக்குக் கொடுத்திருந்தார்கள். வெந்த புண்ணில் வேல். ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று அவள் கேட்க வேண்டும், நெட்டையன் சொல்ல வேண்டும், ஊர் கேட்க வேண்டும். ஒரு தடவைகூட அவள் குரல் நடுங்கவில்லை. திரும்பி வந்த நெட்டையன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க சீட் ரொம்ப சௌகரியமா இருந்ததுங்க" என்றான். நல்லெண்ணத்தில் சொன்னான், மடையன்.

அதற்கப்புறம் அவளைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கப் போட்டார்கள். பாடத்துக்குப் படங்கள் வேண்டும் என்று ஒரு நாள் காலையில் என் மேஜைக்கு லேப்டாப்போடு வந்தாள். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தாள். மோதல் வண்டிப் படத்தை ஓட்டினாள். நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள்.

"அக்கா, இந்தத் துளி என்ன?"

"எண்ணெயா இருக்கும்."

"கழுத்து ரப்பர்ல எண்ணெயே படக் கூடாதுன்னு நீதானே கத்துவே?"

நான் ஒரு தாளை எடுத்து இன்னொரு தாளின் மேல் வைத்தேன்.

"ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த பாட்டில்தான் இப்படி வேர்க்கும்" என்றாள். கத்தவில்லை. "எத்தனை டிகிரி?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எவ்வளவு நேரம்தான் மறைப்பது? "நாலு" என்றேன். பிறகு கலத்தில் ஆறு இருந்ததையும், பாட்டரிக்காரர் படிவத்தையும், ஸ்வெட்டரையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவள் என் அழுகை முடிகிறவரை காத்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி.

"முதல்ல பண்ணது தப்பு. அதை நான் மன்னிச்சிருப்பேன், உன்னை வெச்சு ஆயுசுக்கும் கிண்டல் பண்ணியிருப்பேன். ரெண்டாவது பண்ணியே, அதுக்கு என்ன பேருக்கா?"

"பெரியவர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன். எழுந்திரு, ரெண்டு பேரும் போகலாம்."

"சொல்லி? ராக்கெட்டைத் திருப்பி வரவெச்சு என்னை ஏத்துவாரா? உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்க. நீ கொஞ்ச நாள் அழுதுட்டு நிம்மதியாயிடுவே. பாவத்தைச் சொல்லிட்டோம்னு தூக்கம் வேற நல்லா வரும்." லேப்டாப்பை மூடினாள். "வேணாம். யார்கிட்டயும் நான் சொல்லப்போறதில்ல. அம்மாகிட்டயும் சொல்லமாட்டேன்."

"குண்டூசி..."

"அந்தப் பேர் சொல்லாதே."

அன்றிலிருந்து அவள் என்னோடு சண்டை போட்டதே இல்லை. தனி வீடு பார்த்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன், வேண்டிக்கொள்ளவும் செய்தேன். போகவில்லை. வழக்கமாக எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்கிறாள், சரியாக எனக்கு எதிரில்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்திருந்தாள். அம்மாவுக்குக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதுமே. சாதத்தைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இவளாலதான் என் சின்னவ இன்னைக்கு இங்க உக்காந்து சாப்பிடறா. கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும். இவ மட்டும் அந்தக் கழுத்தைக் கவனமா பார்க்கலேன்னா, ஐயோ, நினைச்சாலே வயித்தைக் கலக்குது" என்று சொல்லி என் கன்னத்தைத் தடவினாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு பிசைந்தேன். ஒரு வாய் வைத்துக்கொண்டேன். தண்ணீருக்குக் கையை நீட்டினேன். தங்கை தானே எழுந்து ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் வைத்தாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர். டம்ளரின் வெளிப்புறமெல்லாம் துளித்துளியாக வேர்த்திருந்தது.

"நல்லா சொன்னேம்மா" என்றாள். என்னையே பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாக. "சித்திக்குச் சரியாக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லு."

அம்மா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.